நல்லெண்ணெய் குடித்த வண்டி

குற்றாலத்தில் குரங்கு பறித்துக்கொண்டு போகாத பொருள் என்று ஒன்று உண்டா? வடைப் பொட்டலம் போயிருக்கிறது, மூக்குக்கண்ணாடி போயிருக்கிறது. அருவிக்கரையில் கழற்றி வைத்த பல்செட்டு ஒன்று போய், அதை ஒரு குட்டிக்குரங்கு கடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன். எங்கள் அப்பாவுக்குப் போனது காரின் ஏர் கிளீனர். அது போனதால் ஒரு கல்யாணம் நின்றுவிட்டது என்று எங்கள் வீட்டில் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குரங்கின் மேல் பழியைப் போடுவது சுலபம். கல்யாணம் நின்றது என் வாயால்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். எனக்கு ஒன்பது வயது. அப்பா ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை ஏற்றிக் குற்றாலத்தில் விடுவதும், குளித்து முடித்து நடுங்கிக்கொண்டு நிற்பவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவர் தொழில். ஓட்டுவதில் அப்பா கெட்டிக்காரர். ஆனால் பானெட்டைத் திறந்துவிட்டால் அடுப்படிக்குள் வந்த ஆம்பிளை மாதிரி எதைத் தொடுவது என்று தெரியாமல் நிற்பார். வண்டியின் பழுதுகளைப் பார்த்துவந்த மெக்கானிக் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். போகும்போது ஒரே ஒரு வேலையை மட்டும் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். மாதம் ஒருமுறை ஏர் கிளீனரைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

எஞ்சின் மூச்சு இழுக்கிற வாயின்மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் தகரக்கூடுதான் ஏர் கிளீனர். அதன் அடியில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய். வெளிக்காற்று அந்த எண்ணெயில் உரசித் தூசியை விட்டுவிட்டு, கம்பிச் சல்லடை வழியாக எஞ்சினுக்குள் போகும். அப்பா அதைச் சிரத்தையாகக் கழுவி, பேரருவிப் பக்கம் ஒரு பாறையில் வடியக் கவிழ்த்திருக்கிறார். மரத்திலிருந்து இறங்கிய ஒரு கடுவன் குரங்கு அதைச் சோற்றுத் தூக்கு என்று நினைத்ததோ என்னவோ, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. அப்பா ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்து கீழேயிருந்து கெஞ்சியிருக்கிறார். அது கூட்டைத் திறந்து பார்த்து, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டு, பெருகி ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் எறிந்ததாம். பிறகு இறங்கிவந்து பழத்தையும் எடுத்துக்கொண்டு போனதாம்.

கூடு இல்லாமலும் வண்டி ஓடும். ஆனால் எஞ்சின் இரைப்புக்காரன் மாதிரி மூச்சுவிட்டது. ஒருநாள் உள்ளேயிருந்து குப்பென்று தீ கக்கி, பானெட்டின் உட்பக்கம் கருகிப்போனது. புதுக் கூடு கேட்டு மதுரைக் கம்பெனிக்கு எழுதியதற்கு, யுத்தம் முடியட்டும் என்று பதில் வந்தது. இன்னும் ஒரு வாரத்தில் அந்த வண்டியில் முக்கியமான ஆட்கள் ஏறவேண்டியிருந்தது. அத்தையைப் பெண் பார்க்க ஆலங்குளத்திலிருந்து வருகிறார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. இருபது வயது முடிந்துவிட்டது. அந்தக் காலத்துக்கு அது கவலைப்படவேண்டிய வயது. ஜாதகத்தில் செவ்வாய். மூன்று வரன் வந்து மூன்றும் தட்டிப்போயிருந்தது. அந்த மூன்றைப் பற்றியும் அத்தை ஒரு வார்த்தை கேட்டதில்லை. வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஆலங்குளத்துக்காரர் விஷயம் வேறு. அவருக்கும் செவ்வாய் இருந்தது, அது பெரியவர்களுக்குப் பிடித்தது. அவர் தோட்டக் கிணற்றில் எண்ணெய் எஞ்சின் வைத்து நீர் இறைக்கிறார், பழுது வந்தால் அவரே பிரித்துப் பூட்டுவார் என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் அத்தை மிஷினை நிறுத்திவிட்டு அம்மாவிடம் மெல்லக் கேட்டாள்.

“என்ன எஞ்சினாம் மைனி? ஒத்தைச் சக்கரமா, ரெட்டைச் சக்கரமா?”

“நல்லா இருக்கு போ! மாப்பிள்ளை கறுப்பா சிவப்பான்னு கேக்காம எஞ்சினுக்குச் சக்கரம் எத்தனைன்னு கேக்காளே!” என்று அம்மா சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அத்தையின் நடையே மாறியிருந்தது. பெட்டியிலிருந்து மாம்பழக் கலர் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள், மடித்து வைத்தாள், மறுநாள் மறுபடி எடுத்துப் போட்டாள். அவள் ஆசைப்பட்டு நான் பார்த்த ஒரே வரன் அது.

போன ஏர் கிளீனருக்குப் பதிலாக ஒன்றைச் செய்து மாட்டியதும் அத்தைதான். பழைய தையல் மிஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்பப் பூட்டியவள் அவள். மெக்கானிக் போனபிறகு வண்டிக்கு ஏதாவது என்றால், அப்பா வெளிச்சம் பிடிப்பார், அத்தை உள்ளே கைவிடுவாள். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் எல்லாம் நடக்கும். பெண்பிள்ளை எஞ்சினில் கைவைக்கிறாள் என்று தெரிந்தால் ஊர் சும்மா இருக்குமா?

எஞ்சின் வாயின் சுற்றளவு வேண்டும். அத்தை தன் கண்ணாடி வளையலைக் கழற்றி அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அம்மாவின் வளையல் பெரிது, என்னுடையது சிறிது. அத்தையின் வளையல்தான் அந்த வாயைச் சுற்றிக் கச்சிதமாக உட்கார்ந்தது. வளையலையும், காகிதத்தில் எழுதிய படத்தையும் என்னிடம் கொடுத்து, தகர வேலை செய்யும் ராவுத்தரிடம் அனுப்பினாள். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“படம் நல்லாப் போட்டிருக்கே. யாரு போட்டது? உங்க அய்யாவா?”

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “ஆமா” என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். வீட்டுக்கு வந்து அதை ஒரு பெரிய சாதனையாக எல்லாரிடமும் சொன்னேன். என் வாயைப் பற்றி வீட்டில் அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ராவுத்தர் செய்துதந்த கூடு பார்க்க அழகாக இருந்தது. மாட்டினால் தொளதொளவென்று ஆடியது. வளையலுக்கு உள்ளளவு பார்க்காமல், வளையலைச் சுற்றித் தகரத்தை வளைத்துவிட்டார் மனுஷர். அத்தை சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, எஞ்சின் வாயில் சுற்றி, மேலே கூட்டின் கழுத்தைச் செருகித் தகரப் பட்டாவைப் போட்டு முறுக்கினாள். ஆட்டம் நின்றது. இப்போது பானெட் மூடவில்லை, இரண்டு விரல்கடை உயரம். மறுபடி கழற்றி, மறுபடி கடைக்கு ஓட்டம், கழுத்தைக் குறைத்துப் பற்றவைத்து வந்து மறுபடி மாட்டல். கம்பிச் சல்லடைக்குப் பதிலாகத் தேங்காய் நாரை வெந்நீரில் அலசி, காயவைத்து, பிசிறில்லாமல் சுருட்டி உள்ளே வைத்தாள். மூன்று நாள் வேலை. கடைசியில் பானெட்டை இறக்கியபோது சத்தமில்லாமல் மூடியது. அத்தை அதைத் திறந்து இன்னொருமுறை மூடிப் பார்த்தாள், அந்தச் சந்தோஷத்துக்காக.

மிச்சமிருந்தது கிண்ணத்துக்கு எண்ணெய். எஞ்சின் ஆயில் கடைகளில் கிடைக்காத காலம். அடுப்படியிலிருந்து நல்லெண்ணெய் வந்தது. அத்தை பாதிக் கிண்ணம் ஊற்றி நிறுத்தினாள். வாசலில் நின்ற அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

“என்னட்டி, விளக்குக்கு ஊத்துததுல கருமித்தனம் பண்ணுத மாதிரி ஊத்துத? நாளைக்கு நல்ல காரியத்துக்குப் போற வண்டி. நெறைய ஊத்து.”

“இது விளக்கா மைனி?”

“எதாயிருந்தா என்ன, எண்ணெய் எண்ணெய்தானே. கொறைச்சு விடக்கூடாது.”

வேறொரு நாளாக இருந்தால் அத்தை கேட்டிருக்க மாட்டாள். அவளுக்குத் தெரியும். ஆனால் மறுநாள் அவளுடைய நாள். அம்மா சொன்னதை மீறி, எண்ணெய் குறைந்ததால் ஏதாவது குறைந்துபோய்விட்டால்? அவள் கை கொஞ்சம் தயங்கிற்று, பிறகு விளிம்புவரை ஊற்றிவிட்டது. அம்மா கூட்டின் தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கொட்டகையில் நின்றபடியே எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். மெத்தென்று ஓடியது. என்னைப் பார்த்து அம்மா விரலை நீட்டினாள்.

“ஏட்டி, நாளைக்கு வண்டியில நீயும் போற. அந்தம்மாவுக்குப் பொம்பளைத் துணைக்கு. அத்தை வண்டியில கைவச்சான்னு மூச்சு விட்டியோ, வாயில சூடு போட்டுருவேன்.”

மறுநாள் மாப்பிள்ளை வந்தார், அவருடைய அம்மா வந்தாள். ஆனி மாதச் சாரல். முதலில் அருவிக் குளியல், பிறகு வீட்டில் பெண் பார்ப்பது என்று ஏற்பாடு. மாப்பிள்ளை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், நான் பின்னால் அந்த அம்மாவோடு. ஆலங்குளத்துப் புழுதியிலிருந்து வந்தவளுக்குச் சாரல் முகத்தில் பட்டதும் ஒரே குளிர்ச்சி. என் கன்னத்தைத் தடவி, “உங்க அத்தை உன்னை மாதிரி லட்சணமா இருப்பாளா?” என்று கேட்டாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

இலஞ்சியைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் தன் வேலையைக் காட்டிற்று. தளும்பிய எண்ணெயைக் காற்றோடு சேர்த்து உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. வண்டிக்குப் பின்னால் வெள்ளைவெளேரென்று புகை. தாளிக்கிற வீட்டுக்குள் நுழைந்த மாதிரி வாசனை.

“இன்னைக்கு வியாழக்கிழமைதானே? யாரு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிருக்கா? நல்லெண்ணெய் வாடை இந்தத் தூக்குத் தூக்குது!” என்று அந்த அம்மா மூக்கைப் பொத்தினாள்.

“அருவிக்குப் போறவுக ஒவ்வொருத்தரா தேய்ச்சுக்கிட்டுப் போவாக, அந்த வாடைதான்” என்று அப்பா சமாளித்தார். சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

மாப்பிள்ளை இறங்கினார். கேட்காமலே பானெட்டைத் தூக்கினார். பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, குனிந்து, கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், பட்டாவைத் தொட்டுப் பார்த்தார்.

“எண்ணெயைக் கூடுதலா ஊத்திட்டீங்க அண்ணாச்சி, அவ்வளவுதான். ஆனா இது கம்பெனிச் சாமான் இல்லையே. யாரு செஞ்சு மாட்டுனது?”

“அது... செங்கோட்டையில ஒரு மெக்கானிக்கு.”

“பேரென்ன? நான் அவனைப் பாக்கணுமே. என் எஞ்சினுக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும். நாலு பேருகிட்டக் காட்டியாச்சு, ஒரு பயலுக்கும் வரலை.”

அப்பா மேலே பார்த்தார், கீழே பார்த்தார். இல்லாத மெக்கானிக்குக்கு என்ன பெயர் வைப்பது? மூன்று நாள் அத்தை முதுகு ஒடியச் செய்த வேலை. அதை எவனோ ஒரு செங்கோட்டைக்காரனுக்குத் தூக்கிக் கொடுக்கிறாரே! வாயில் சூடு போடுவதெல்லாம் மறந்துபோயிற்று.

“மெக்கானிக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க அத்தைதான் செஞ்சா. அவ வளையல் அளவுதான் அது. வண்டி மொத்தத்தையும் அவதான் பாப்பா!”

வண்டிக்குள்ளிருந்த அந்த அம்மாவுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். நல்ல விஷயம் எல்லாருக்கும் கேட்கட்டுமே. அவள் இறங்கினாள். சாலையோரத்து மரத்தடிக்குப் போய் நின்றாள். அப்பா குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, தலையைச் சொறிந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்திய நுணலுக்கு ஒன்றும் ஆகவில்லை, கெட்டது வேறொருத்திக்கு.

மாப்பிள்ளை கூட்டைக் கழற்றி, அதிக எண்ணெயை வழித்து ஊற்றிவிட்டு, தேங்காய் நாரைப் பிழிந்தார். நாரை விரலால் புரட்டிப் பார்த்தபோது அவர் முகம், பாடம் படிக்கிற பையன் முகம் மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் இருந்தபடியே பூட்டினார். என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“ஏட்டி, இங்கன வா. உங்க அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. கிண்ணத்துல பாதிக்குக் கொஞ்சம் கீழ ஒரு கோடு கிழிச்சுக்கிட்டு, அதுக்கு மேல எண்ணெய் விட வேண்டாம்னு. மத்தபடி வேலை சுத்தம். நான் செஞ்சிருந்தா இப்படி வந்திருக்காதுன்னு சொல்லு.” கொஞ்சம் நிறுத்தி, மரத்தடியைப் பார்த்துவிட்டு, “எங்கம்மை என்ன சொன்னாலும், நான் இப்படிச் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிரு. மறந்துராத என்னா” என்றார்.

வண்டி அதன்பிறகு ஒரு புகை விடவில்லை. அந்த அம்மா அருவியில் என் கையைப் பிடிக்காமலே குளித்தாள். வீட்டுக்கு வந்தார்கள். மாம்பழக் கலர் சேலையில் அத்தை வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்த அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் விரல் நகங்களைப் பார்த்தாள். அத்தை சீயக்காய் போட்டு எத்தனை தேய்த்தும் நகக்கண்ணில் ஒரு கறுப்புக்கோடு மிச்சமிருந்தது. மாப்பிள்ளை பேச வாயெடுத்தார். “ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்புதோம்” என்று அவள் எழுந்துவிட்டாள்.

நாலாவது நாள் ஆள் வந்து சொன்னார். பெண் நல்ல பெண்தானாம், மிஷினுக்குள் கைவிட்டுப் பழகிய பெண் அடுப்படிக்குச் சரிப்படாதாம். அம்மா என்னைத் தொடையில் கிள்ளிய இடம் ரத்தம் கட்டிப்போயிற்று. அதுவரை என்னை அடித்தறியாத அப்பா அன்று அடித்தார். அடித்துவிட்டு அவரே திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அடியைவிட அது பயமாக இருந்தது. இனி யார் என்ன கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை என்று இலஞ்சி முருகன் மேல் சத்தியம் செய்துகொண்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்துச் சிவகிரியில் ஒரு நெல் வியாபாரிக்கு அத்தையைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர். சாப்பாட்டுக்கு, துணிமணிக்குக் குறைவில்லாத வீடு. தையல் மிஷினை மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள், வியாபாரி வீட்டில் தைத்துத்தான் ஆகவேண்டுமா என்று. அத்தைக்கு அப்போது எதைப் பற்றியும் கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிருந்தது.

ஆலங்குளத்துச் சேதி வந்த அன்று சாயங்காலத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கார் கொட்டகையில் ஒரு மூலையில் நான் சுருண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்தாள். அவளும் அடிப்பாள் என்று நினைத்துத் தலையை மூடிக்கொண்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையில் தேங்காய் எண்ணெய் தடவினாள். கோபமே இல்லை. ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஏட்டி... அன்னைக்கு அவுக பானெட்டைத் தூக்கிப் பாத்தாகளாமே. பாத்துட்டு என்ன சொன்னாக?”

எல்லாம் எனக்கு நினைவிருந்தது. ஒரு வார்த்தை மறக்கவில்லை. ஆனால் மறுபடி வாயைத் திறந்து மறுபடி ஏதாவது கெட்டுப்போனால்? சத்தியம் வேறு செய்திருக்கிறேன்.

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணுமேவா? நல்லா யோசிச்சுச் சொல்லு. சும்மா பாத்துட்டு மூடிட்டாகளா?”

“ஆமா. ஒண்ணும் சொல்லல.”

அத்தை எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு “சரி” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முதல் தடவையாக ஒரு விஷயத்தை வெளியே விடாமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அன்று அவ்வளவு பெருமையாக இருந்தது.